முள்ளை மறைத்த சிலிண்டர்

கரீபியன் தீவு ஒன்றுக்கு இரண்டு நண்பர்கள் ஒரு வாரம் முக்குளிக்கப் போயிருந்தார்கள். ஒருவன் முதுகில் மஞ்சள் சிலிண்டர், மற்றவன் முதுகில் சாம்பல் நிறச் சிலிண்டர். தினமும் கரையிலிருந்தே நடந்து கடலுக்குள் இறங்குவார்கள். நீருக்கடியில் அவ்வப்போது ஒருவருடைய சிலிண்டரில் மீதமுள்ள காற்றை முள்ளால் காட்டும் மானியை மற்றவர் பார்த்துக்கொள்வது முக்குளிப்பவர்களின் வழக்கம்.

மஞ்சள் சிலிண்டருக்கு அது பிடிக்கவில்லை.

"என் முள்ளை ஏன்டா எட்டி எட்டிப் பார்க்கிறே? உன் காத்து தீர்ந்தா என்னோடதை உறிஞ்சலாம்னு நினைப்பா?"

"அட போப்பா. உனக்குக் குறைஞ்சா சேர்ந்து மேலே போகலாம்னுதான் பார்க்கிறேன்" என்றது சாம்பல்.

"திருட வர்றவனும் முதல்ல அக்கறையாத்தான் விசாரிப்பான்."

கடைசி நாள் மஞ்சள் தன் மானியைத் தோள்வாருக்கு அடியில் செருகி மறைத்துக்கொண்டது. ஓர் ஆமையின் பின்னால் நண்பர்கள் வெகுதூரம் போய்விட்டார்கள். முள் சிவப்பைத் தொட்டதை யாரும் பார்க்கவில்லை. திடீரென்று மஞ்சளைச் சுமந்தவனுக்கு மூச்சு வரவில்லை. அவன் கைகளை உதறினான். சாம்பல் உடனே தன்னிடமிருந்த உபரிக் குழாயை நீட்டியது. அந்த ஒரே சிலிண்டரின் காற்றை இருவரும் ஆளுக்கொரு குழாயில் சேர்ந்தே சுவாசித்துக் கரை சேர்ந்தார்கள்.

மணலில் காலியாகக் கிடந்த மஞ்சள் சந்தேகத்தோடு கேட்டது:

"ரெண்டு பேருக்குக் கொடுத்தும் உன்கிட்ட மிச்சம் இருக்கே. அவ்வளவு காத்து உனக்கு எங்கேருந்துடா வந்தது?"