துடுப்புச் சத்தம்

மழைக்கு முந்திய மஞ்சள் வெளிச்சம் ஜன்னல் வழியாக மேஜையில் விழுகிறது. நாளை அச்சுக்குப் போகவேண்டிய கவிதைப் புத்தகத்தின் புரூஃப் தாள்களை அக்கா உரக்க வாசிக்கிறாள். எழுதிய தம்பி சிவப்புப் பென்சிலோடு எதிரில் உட்கார்ந்து, பெயர்போன ஒரு அயர்லாந்துக் கவிஞரின் சாயல் தெரிகிற வரியை எல்லாம் அடித்துக்கொண்டே வருகிறான். அவர் செத்து எத்தனையோ வருஷமாகிறது; இவன் வரிகளில் மட்டும் சாக மாட்டேன் என்கிறார். சிவந்த தாள்கள் நாற்காலிக்கடியில் சேர்கின்றன. அந்தக் கவிஞரின் புத்தகம், அட்டை கழன்று, மேஜைமேல் பென்சில் துருவலுக்கு நடுவே திறந்தே கிடக்கிறது. மிஞ்சியிருப்பது ஒரே ஒரு கவிதை, அப்பாவைப் பற்றியது. அதில் அப்பா விடியலில் துடுப்புப் போட்டு ஏரியைக் கடக்கிறார். அக்கா பாதியில் நிறுத்துகிறாள்.

"ஏன்டா, அப்பா எப்போ படகு ஓட்டினார்? முழங்கால் தண்ணியில நிக்கவே பயந்த மனுஷன்."

"நான் பார்த்தேன்க்கா. கூடவே படகுல உக்காந்திருந்தேன்."

"அது அந்த அயர்லாந்துக்காரர் புத்தகத்துல வர்ற அப்பாடா. நம்ம அப்பா தையல்காரர்."

அவன் முகத்தில் விளையாட்டு இல்லை. பென்சில் அந்தத் தாளைத் தொடவும் இல்லை. அக்கா விருட்டென்று எழுந்து, மூலையில் இருக்கும் அப்பாவின் தையல் மெஷின் மூடியைத் தூக்கிவிட்டு, சக்கரத்தைக் கையால் சுற்றுகிறாள். நூலில்லாத ஊசி கடகடவென்று இறங்கி ஏறுகிறது. அவர்கள் பிறந்ததிலிருந்து அந்த வீட்டில் ஓயாமல் கேட்ட சத்தம். அவன் கண்ணை மூடிக் கேட்கிறான். மெல்லச் சிரிக்கிறான்.

"கேக்குதாக்கா? துடுப்பு."