புதுக் கார்ட்டும் பழைய விமானமும்

இன்ஸ்பெக்டர் ஜொய்ஸ்டிக்கைக் கையில் எடுத்துப் பார்த்தார். பிடியை இறுக்கிப் பிடித்து, அதிலிருந்த சிவப்புப் பொத்தானை அமர்த்தினார்.

இது என்ன என்று சிங்களத்தில் கேட்டார்.

கொழும்பு வெள்ளவத்தையில் மூன்றாம் மாடியிலிருந்த அந்த வீட்டைச் சோதிக்க மூன்று பேர் வந்திருந்தார்கள். அலுமாரி, கட்டிலின் அடி, அரிசி வாளி எல்லாம் பார்த்தாயிற்று. போகிற நேரத்தில்தான் மூலையிலிருந்த கொம்பியூட்டர் மேசை கண்ணில் பட்டது.

வீட்டுக்காரி பத்மாவதி கதவோரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த வருடம்தான் இரவில் புலிகளின் விமானம் வந்து கொழும்பில் குண்டு போட்டிருந்தது. விமானம் ஓட்டுகிற பிடி ஒன்று தமிழ் வீட்டில் இருப்பது பொலிசின் கண்ணுக்கு எப்படித் தெரியும் என்று அவள் அதுவரை யோசித்ததே இல்லை.

விமானம் ஓட்டும் பழைய விளையாட்டு என்றான் மகன் மயூரதன். அவனுடைய சிங்களம் நல்ல சிங்களம்.

விளையாட்டு என்றால் ஓட்டிக் காட்டு, இல்லையென்றால் இந்தச் சாமானோடு நீயும் ஸ்டேசனுக்கு வா என்றார் இன்ஸ்பெக்டர்.

மயூரதன் உட்கார்ந்தான். மவுசை அங்கும் இங்கும் நகர்த்தி எதையோ மாற்றினான். பிறகு திறந்தான்.

என்ஜின் இரைந்தது. திரை மட்டும் கறுப்பாகக் கிடந்தது.

புதிதாகக் கிராபிக்ஸ் கார்ட் போட்டேன், பழைய விளையாட்டு அதனோடு ஒத்துவருகிறதில்லை, கொஞ்சம் பொறுங்கள் என்றான்.

பத்மாவதிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இருந்த கார்ட்டுக்கு என்ன கேடு? அது தன்பாட்டில் ஓடிக்கொண்டுதானே இருந்தது? சின்னப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்துச் சேர்த்ததையெல்லாம் பம்பலப்பிட்டிக் கடையில் கொட்டிவிட்டு வந்து, ஒரு கிழமையாக இதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். ஏன் என்று கேட்டால் ஒரு சிரிப்பு.

ஆனால் பொலிசுக்கு முன்னால் மகனை விட்டுக்கொடுப்பாளா?

"மஹத்தயா, பொட்டக் இன்ன," என்று கொஞ்சம் பொறுக்கச் சொல்லிவிட்டுத் தன் அரைகுறைச் சிங்களத்தில் தொடங்கினாள். மகன் கணக்கில் புலி. இந்தக் கட்டடத்தில் யாருடைய கொம்பியூட்டர் மக்கர் பண்ணினாலும் அவனைத்தான் தேடி வருவார்கள். இதெல்லாம் அவனுக்கு ஒரு நிமிட வேலை.

மகனைப் பற்றிப் பேச வாயைத் திறந்தால், எதிரே நிற்பது யார் என்பது அவளுக்கு மறந்துபோகும்.

ஒரு நிமிடத்தில் சரிவரவில்லை.

இரண்டாம் முறையும் கறுப்புத்தான். மயூரதனின் பிடரியில் வியர்வை வழிந்தது. திரையின் நிறங்களைக் குறைத்தான். ஏதேதோ பெட்டிகளைத் திறந்து மூடினான். எதையோ அழிக்கவா என்று கொம்பியூட்டர் கேட்டது. ஓம் என்று கொடுத்தான்.

ஊரார் கொம்பியூட்டரையெல்லாம் திருத்துகிறவனுக்கு, தன் தலை போகிற நேரத்தில் கை ஓடவில்லையே என்று பத்மாவதி உள்ளே குமைந்தாள். பயத்தைவிட அந்த அவமானம் பெரிதாக இருந்தது.

சேர்ட்டைப் போட்டுக்கொண்டு வா, ஸ்டேசனுக்குப் போவோம் என்றார் இன்ஸ்பெக்டர்.

இன்னும் ஒரே ஒரு முறை என்று கேட்டுத் திறந்தான்.

திரையில் நீல வானம் வந்தது. கொழும்புக்குப் பக்கத்து இரத்மலானை ஓடுபாதையில் ஒரு சின்ன வெள்ளை விமானம் நின்றது.

இன்ஸ்பெக்டர் அவனை எழுப்பிவிட்டுத் தானே உட்கார்ந்தார். விமானத்தைக் கிளப்பினார். கல்கிசைக் கடலில் கொண்டுபோய் மூக்குக் குத்த விழுத்தினார். கூட வந்தவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்துக்கொண்டே எழுந்து, தன் மகனுக்கும் இப்படி ஒன்று எங்கே வாங்கலாம் என்று விசாரித்துவிட்டுப் படியிறங்கினார்.

பத்மாவதி கதவைச் சாத்தினாள்.

"ஏன்டா தம்பி, அந்த நேரம் பார்த்தே உனக்கு ஒண்டும் தெரியாமப் போகவேணும்?"

"கேம் நேற்றே திருத்திப்போட்டன் அம்மா. கறுப்பாக்கினது நான்தான். சும்மா திறந்திருந்தா பலாலியில நிண்டிருக்கும்."

அவளுக்கு விளங்கச் சற்று நேரம் பிடித்தது.

சண்டையால் வடக்குக்குப் போகிற பாதையைப் பூட்டிய பிறகு யாழ்ப்பாணத்தில் அவளுடைய தங்கச்சியின் கலியாணம் நடந்தது. போக முடியாமல் பத்மாவதி மூன்று நாள் அழுதாள். அம்மாவை விமானத்தில் கூட்டிப்போகலாம் என்று மயூரதன் அந்த விளையாட்டுக்குள் தங்கச்சி வீட்டுத் தெருவையே கட்டியிருந்தான். வீடு, மதில், மாமரம் எல்லாம் வைத்தான். பழைய கார்ட்டில் அவை தெரியவில்லை. அதற்காகத்தான் புதுக் கார்ட். இன்று பின்னேரம் அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்து, பலாலியிலிருந்து கிளம்பிப் போய்க் காட்டுவதாக இருந்தான்.

பலாலி விமான நிலையம் இராணுவத்தின் பிடியில் இருந்தது. தமிழ்ப் பெடியன் ஒருவனின் கொம்பியூட்டரில் அந்த இடத்தை இன்ஸ்பெக்டர் கண்டிருந்தால், பிறகு எந்த விளக்கமும் எடுபட்டிராது.

மூன்று பேர் முதுகுக்குப் பின்னால் நிற்க, ஒன்றும் தெரியாதவனைப்போல முழித்துக்கொண்டு, தான் கட்டிய தெருவைத் தானே அழித்திருக்கிறான்.

"முழுக்கவோ?"

"ஓம் அம்மா. அதை அழிச்சாத்தான் பலாலியும் போகும்."

பத்மாவதிக்கு அழுகையும் வந்தது, அதற்கு மேலால் பெருமையும் வந்தது. இவ்வளவு காலமும் இவனைப் பற்றி அளந்ததெல்லாம் குறைவு என்று பட்டது. வகுப்பில் முதலாவது ஆளாக வந்தான், பரிசு வாங்கினான் என்றெல்லாம் சொல்லித் திரிந்தவளுக்கு, என்ர பிள்ளை இன்றைக்குச் செய்ததைக் கேளுங்கோ என்று மாடி மாடியாக ஏறி இறங்க வேண்டும்போல இருந்தது.

கதவு தட்டப்பட்டது. பக்கத்து வீட்டு நேசமலர். பொலிஸ் ஏன் இவ்வளவு நேரம் நின்றது என்று கேட்டாள்.

"கேம் ஒண்டு திறக்காமக் கிடந்தது," என்றாள் பத்மாவதி. "இவனுக்குக் கொம்பியூட்டரைப் பற்றி அவ்வளவாத் தெரியாது."