மாப்பிள்ளைக்குக் கயிறு

கயிறு இருக்கிறதா என்று கோராஸ்த் மறுபடியும் பையைத் தடவிப் பார்த்தார். அது மலை ஏறுவதற்கான கயிறு அல்ல. அடிப்பதற்கு.

"மாமா, தண்ணி வேணுமா?" என்றான் யோரிஸ்.

"மாமாவா? உச்சியில அடி வாங்குற வரைக்கும் நான் உனக்கு சார்!"

ஸ்லோவேனியாவைச் சுற்றிப் பார்க்க வந்த டச்சுக்காரன் அவன். தலைநகர், கடற்கரை, திராட்சைத் தோட்டம் எல்லாவற்றையும் சைக்கிளிலேயே பார்த்தவன், கடைசியில் கோராஸ்தின் மகள் நேஜாவையும் பார்த்துவிட்டான்.

நாட்டிலேயே உயரமான த்ரிக்லாவ் மலை ஏறாதவனுக்குப் பெண் கிடையாது என்றார் கோராஸ்த். முதல் தடவை ஏறுகிறவனைக் குனிய வைத்து, முன்பே ஏறியவர் பின்புறத்தில் கயிற்றால் விளாசுவார். அந்த அடி விழுந்தால்தான் அவன் அந்த நாட்டு ஆள்.

"ஏரிக்கரையில கேக் தின்னவனெல்லாம் நாட்டையே பார்த்துட்டேங்கிறான். உங்க ஊர்ல மலைன்னா என்னடா? ரோட்டு வேகத்தடைதானே?"

யோரிஸ் சிரித்து வைத்தான். குறுகல் முகட்டில் இரும்புக் கம்பியைப் பிடித்து ஊர்ந்தான். முன்னால் போகும் நேஜாவையே பார்த்துக்கொண்டு, கீழே பார்க்காமல் நகர்ந்தான்.

"நான் நாலு தடவை ஏறினவன்டா. ஒரு தடவை உச்சியில பேய்மழை. அங்க இருக்கிற கோபுரத்துக்குள்ள பத்துப் பேர் வட்டமா உட்கார்ந்து சூப் காய்ச்சிக் குடிச்சோம்!"

பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே இந்த மலையை ஏறிவிட்டிருந்த நேஜா, திரும்பி அப்பாவைப் பார்த்தாள்.

உச்சியை மேகம் அடைத்திருந்தது. கோராஸ்த் மூச்சு வாங்கக்கூட நிற்கவில்லை.

"குனிடா!"

வழக்கத்துக்கு ஒரு அடி போதும். அவர் ஆசை தீர அடித்தார்.

"இப்பதான் நீ எங்க ஆளு. இனிமே மாமான்னு கூப்பிட்டுக்கோ."

பின்புறத்தைத் தேய்த்தபடி யோரிஸ் நிமிர்ந்தபோது மேகம் விலகியது. காலண்டர் படங்களில் கம்பீரமாக நிற்கிற அந்தக் கோபுரம் எதிரே இருந்தது. ஒரு தகர உருளை. நாலு பேர் தொப்பையை எக்கி நின்றால்கூடக் கதவு மூடாது.

கோராஸ்தும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், வாய் பிளந்தபடி.

நேஜா அப்பாவின் கையிலிருந்து கயிற்றை உருவி யோரிஸிடம் நீட்டினாள்.

"குனியுங்க, மாமா."