கச்சி முகம்மதுவுக்குத் தேத்தண்ணி இல்லை

"எட்டு மாசமாப் போய் வாறன். ஒரு கோப்பை தேத்தண்ணி குடுக்க மனமில்லாத மனிசன்!"

கச்சி முகம்மது சைக்கிளில் பியானோ திருத்தும் கருவிப் பையைக் கட்டிக்கொண்டே பொருமினார்.

"ஆரு, அந்தச் சீனத்துப் பல்லு டொக்டரா?" என்றாள் மனைவி சித்தி நபீஸா.

"வேற ஆரு? போஸ்ட்மாஸ்டர் அருமைநாயகம் வந்தா பூப்போட்ட கோப்பையில தேத்தண்ணி, தட்டத்தில பணியாரம். எனக்கு முழு இளநி ஒண்டு, பக்கத்தில ஒரு கத்தி. நானே வெட்டிக் குடிக்கணும். நான் என்ன அவர்ட தோட்டத்துக்குக் கூலிக்கு வந்தவனா?"

"இஞ்சாருங்க, கோவத்தில திருகோணமலை ஓடர விட்டுடாதீங்க. மூண்டு பியானோ!"

அவள் பயந்ததிலும் நியாயம் இருந்தது. உலக யுத்தம் தொடங்கியதிலிருந்து வெள்ளைக்காரத் துரைமார் பியானோவை விற்றுவிட்டுக் கப்பல் ஏறினார்களே தவிர, ஒருவரும் வாங்கவில்லை. ஏலத்தில் எடுத்துச் சரிபண்ணி வைத்தவை அவருடைய ஏறாவூர்க் கடையில் சும்மா கிடந்தன.

பிள்ளைகளுக்குப் பியானோ படிப்பிக்க ஆசைப்பட்டவர்கள் சீனக் குடும்பங்கள்தான். மட்டக்களப்பில் இந்தப் பல்லு டொக்டர் லியூதான் முதலில் வாங்கினார். அவர் எழுதிய கடிதத்தால் இப்போது திருகோணமலையில் மூன்று சீன வீடுகள் கேட்டிருந்தன. இதுவும் கை நழுவினால் பழையபடி கால் உடைந்த கதிரைகளைத்தான் விற்க வேண்டும்.

ஆனால் மனிதருக்கு ரோசம் என்று ஒன்று இருக்கிறதே!

வாவிக் காற்றின் ஈரத்துக்கு டொக்டர் வீட்டுப் பியானோவின் கட்டைகள் மாதம் ஒருமுறை உப்பி இறுகிவிடும். அன்றும் அவற்றைக் கழற்றித் தேய்த்து, கம்பிகளை முறுக்கிச் சுதி சேர்த்து முடிக்க மத்தியானமாகிவிட்டது.

டொக்டரின் மனைவி வந்தார். அதே இளநி. அதே கத்தி.

"இது வேணாம் அம்மா. எனக்குத் தேத்தண்ணி தாங்க."

அவருக்குத் தமிழ் ஓடாது. ஆனாலும் தேத்தண்ணி என்ற சொல் விளங்கிவிட்டது. முகம் வெளிறி, இரண்டு கைகளையும் ஆட்டி மறுத்தார்.

கச்சி முகம்மதுவுக்குக் கோபம் தலைக்கேறியது. அவர் போட்ட சத்தம் கேட்டு, பல் பிடுங்கும் அறையிலிருந்து டொக்டர் ஓடி வந்தார். நோயாளிகளை வாயைத் திறக்கச் சொல்லிச் சொல்லியே தமிழ் பழகியவர் அவர்.

"டொக்டர், திருகோணமலைக்கு வேற ஆளப் பாருங்க. தேத்தண்ணி குடுக்கத் தகுதியில்லாத ஆள்ட பியானோ உங்கட ஆக்களுக்கு என்னத்துக்கு?"

டொக்டர் திகைத்துப்போய் மனைவியைப் பார்த்தார். அதற்குள் சமையலுக்கு நிற்கும் கண்ணகை, ஈரக் கையைத் துடைத்தபடி குசினியிலிருந்து வந்தாள்.

"என்ன முகம்மது காக்கா, உங்களுக்குத் தெரியாதா? இந்தக் குசினியில நாளாந்தம் உங்களுக்கு ஹராமான பண்டி இறைச்சி. சட்டியும் கோப்பையும் ஒண்டாத்தான் கழுவுற. நீங்க வந்த முதல் நாளே டொக்டரும் அம்மாவும் என்னட்டக் கேட்டாங்க, இவருக்கு என்ன குடுத்தாக் குத்தம் வராதெண்டு. வெட்டாத இளநி எண்டா ஒரு தோசமும் இல்லை எண்டு நான்தான் சொன்னன்."

கச்சி முகம்மது மெல்லக் கத்தியைப் பார்த்தார்.

"அப்ப இந்தக் கத்தி?"

"உங்களுக்கெண்டே வாங்கினது. குசினிப் பக்கமே வராது. ஒருநாள் அவசரத்துக்கு மீன் வெட்ட எடுத்தன். அம்மா ஓடி வந்து பறிச்சிட்டா."

எட்டு மாதமாக இந்த வீட்டை ஊரெல்லாம் குறை சொல்லித் திரிந்தது நினைவு வர, கச்சி முகம்மதுவை வெட்கம் பிடுங்கித் தின்றது. தன் மார்க்கத்தைத் தன்னைவிடக் கவனமாகக் காத்தவர்களிடமா தேத்தண்ணிக்குச் சண்டை பிடித்தோம்! நன்றியில் கண் நிறைந்துவிட்டது.

இளநியை வெட்டி, ஒரு சொட்டு மிச்சம் விடாமல் குடித்தார். டொக்டரின் மனைவிக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

"மன்னிச்சிக்கங்க டொக்டர். திருகோணமலைக்கு நானே போறன். அந்த வீடுகளிலயும் எனக்கு இளநி போதுமெண்டு ஒரு வரி எழுதிப் போடுங்க."

டொக்டர் சிரித்தார்.

"அது முதல் கடிதத்திலேயே எழுதினன். மூண்டு வீட்டிலயும் புதுக் கத்தி வாங்கி வெச்சாச்சி. உங்கட பியானோதான் இன்னும் போய்ச் சேரல்ல."