எட்கார் கேட்ட வண்டி

"உன் வண்டி அவனுக்கு வேணுமாம்டா!"

கூடாரத்துக்குள் நுழைந்ததும் நுழையாததுமாக எர்வே கத்தினார். மகன் தித்துவான் ஹெல்மெட்டைத் துடைப்பதை நிறுத்தினான்.

"யாருக்குப்பா?"

"வேற யாருக்கு? உன் கூட ஓட்டுற எட்காருக்குத்தான். அவன் வண்டி சரியில்லையாம். உன்னோடதை மாத்திக் குடுக்கணுமாம். மேனேஜர் ரெஜிஸும் பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டிட்டான்."

தித்துவான் ஹெல்மெட்டைக் கீழே வைத்தான். கார்ட் என்னும் குட்டிப் பந்தய வண்டியில் தொடங்கி, ஃபார்முலா 4 தாண்டி, ஒவ்வொரு படியாக இதுவரை ஏறி வந்தவன் அவன். கஸ்தலே பந்தயத் தடத்தில் இது சீசனின் கடைசிப் போட்டி. பெரிய அணி ஒன்றிலிருந்து புது ஓட்டுநர்களைத் தேடி ஒரு அம்மாள் வந்திருந்தார். அவர் கண்ணில் பட்டால் அடுத்த வருடம் ஃபார்முலா 3. இல்லையென்றால் கடலோரச் சொந்த ஊரான கான்காலில் அப்பாவோடு சிப்பி அள்ள வேண்டியதுதான்.

"ஏன்டா, சாயங்காலமானா திரையில உன் வண்டியோட கோட்டையே உத்து உத்துப் பார்த்துட்டு உக்காந்திருப்பானே, எதுக்குன்னு இப்பப் புரியுதா?"

புரிந்தது. ஒரே அணி, ஒரே மாதிரி இரண்டு வண்டிகள். ஒருவன் எங்கே பிரேக் பிடித்தான், எவ்வளவு ஸ்டியரிங் திருப்பினான் என்பதெல்லாம் திரையில் கோடு கோடாக வரும். இன்னொருவனும் அதைப் பார்க்கலாம். அது எல்லா அணியிலும் உள்ள வழக்கம். ஆனால் எட்கார் பார்த்த அளவுக்கு யாரும் பார்த்ததில்லை.

"புள்ளியில நீ ஒரு படி மேல இருக்க. பணக்கார வீட்டுப் பிள்ளைக்கு அது பொறுக்கல!"

வெளியே எட்கார் எதிர்ப்பட்டான். முகத்தைப் பார்க்காமலே, "தப்பா நினைக்காதடா" என்றான்.

"நினைக்க என்ன இருக்கு? அதான் தெரிஞ்சு போச்சே."

எட்கார் வேகமாக நகர்ந்தான். குற்றமுள்ள நெஞ்சு, வேறென்ன செய்யும் என்று தித்துவான் கறுவிக்கொண்டான்.

இருக்கைகளைக் கழற்றி மாற்றிப் பொருத்திய மெக்கானிக் வேறு கண்ணடித்தான். "எந்த வண்டியா இருந்தா உனக்கென்ன? வலது வளைவுன்னா உனக்குத்தான் கை வராதே!"

சீசன் முழுக்க அணியில் ஓடிய கிண்டல் அது. தித்துவானே அதை நம்பத் தொடங்கியிருந்தான்.

மறுநாள் பந்தயத்துக்கான தகுதிச் சுற்று தொடங்கியது. நீண்ட வலது வளைவான போஸே வந்ததும் வழக்கம்போல் பல்லைக் கடித்துக்கொண்டு ஸ்டியரிங்கைத் திருப்பினான்.

வண்டி சொன்னபடி திரும்பியது.

அவனுக்கே நம்ப முடியவில்லை. அடுத்த சுற்றில் இன்னும் வேகமாகப் போனான். அப்போதும் தடுமாறாமல் திரும்பியது. முடிவில் நேரப் பலகையில் அவன் பெயர்தான் முதலில் இருந்தது. அந்த அம்மாள் ரெஜிஸிடம் அவனைக் காட்டி ஏதோ விசாரித்துக்கொண்டிருந்தார்.

எட்கார் கடைசிக்கு முந்தைய இடம்.

"நல்லா வேணும் அவனுக்கு!" எர்வே தொடையில் தட்டிக்கொண்டார்.

தித்துவான் திரையின் முன் உட்கார்ந்தான். எட்காரின் கோட்டைத் திறந்தான். இடது வளைவெல்லாம் சுத்தமாக இருந்தது. வலது வளைவு ஒவ்வொன்றிலும் திருப்பி, மறுபடி திருப்பி, வேகத்தை இழந்திருந்தான். வருடம் முழுக்கத் தித்துவான் திணறிய அதே திணறல்.

லாரிக்குப் பின்னால் எட்கார் தனியாக ரொட்டி தின்றுகொண்டிருந்தான்.

"என் வண்டியிலதான் கோளாறு. தெரிஞ்சேதான் கேட்டியா?" என்றான் தித்துவான்.

"ம். உன் கோட்டைப் பார்த்துப் பார்த்துத்தான் கண்டுபிடிச்சேன்."

"உன் வண்டியில?"

"அது தங்கமாட்டம் இருக்கு."

"நாளைக்கு ரேஸ்ல நீ என்னடா பண்ணுவே?"

"பின்னாடி ஓட்டுவேன். எனக்கு அடுத்த வருஷ சீட்டு எப்பவோ பேசி முடிச்சாச்சு. உனக்குத்தான் நாளைய விட்டா வேற நாள் இல்ல."

தித்துவான் அவன் பக்கத்தில் உட்கார்ந்தான். "அப்ப ரெஜிஸ்கிட்ட உள்ளதைச் சொல்ல வேண்டியதுதானே? எதுக்குடா உன் வண்டி சரியில்லைன்னு பொய் சொல்லிக் கெட்ட பேர் வாங்குற?"

"உன் வண்டியில கோளாறுன்னு சொல்லிப் பார்த்தேன். கோளாறு ஓட்டுறவன்கிட்டன்னுட்டாரு."

எட்கார் ரொட்டித் தூளைத் தட்டிவிட்டு எழுந்தான்.

"ரெண்டு வண்டி மேலயும் காசு போடுற எங்கப்பா கம்பெனி பேருதான்டா எழுதியிருக்கு. உனக்கு வண்டி சரியில்லைன்னா அது சாக்கு. எனக்குச் சரியில்லைன்னாத்தான் அது கோளாறு!"