கடல் பக்கத்துக் கிணறு

"ஊட்ல கெணத்த வெச்சிக்கினு இங்க வந்து க்யூவுல நிக்கிறாங்க பாருங்க மொதலாளி. நீங்களே கேளுங்க!"

வரிசையில் நின்ற முத்தம்மா கை காட்டிய இடத்தில், பக்கத்து வீட்டுக் கரீமுல்லா பாயின் மனைவி அமீனா பீ குடத்தோடு நின்றிருந்தாள்.

இரண்டாம் உலக யுத்தம் முடிந்த மறு வருஷக் கோடை. மயிலாப்பூரிலிருந்து கடற்கரைக்குப் போகும் அந்தத் தெருவில் முக்கால்வாசிக் கிணறுகள் வற்றிவிட்டன. ஜவுளிக்கடை சிதம்பரநாதன் தன் கிணற்றை ஆழப்படுத்தி, மின்சார மோட்டார் வைத்து, வாசலில் ஒரு குழாயும் போட்டுத் தெருவுக்கே தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"பாய் வீட்டுக் கிணறும் வத்திப்போச்சா?"

"எங்க வத்திச்சு? வாளி வாளியா எறைச்சு அந்தப் பேரீச்ச மரத்துக்கு ஊத்திக்கினு கீறாரு. மனுசனுக்கு இல்லாத தண்ணி மரத்துக்கு!"

சிதம்பரநாதனுக்குச் சுருக்கென்றது. நேரே அமீனா பீயிடம் போனார்.

"நிஜந்தானாம்மா?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"இது இல்லாதவங்களுக்காகப் போட்ட குழாய். நீங்க வீட்டுக்குப் போங்க."

வெறுங்குடத்தோடு அவள் நடந்தாள். வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

அதோடு விட மனமில்லாமல் சிதம்பரநாதனும் பக்கத்து வீட்டுக்குப் போனார். கரீமுல்லா பாய் இறைத்துக்கொண்டிருந்தார். மரத்தைச் சுற்றிய பாத்தி தளும்பிக் கிடந்தது.

அது அவர் மகன் இனாயத் வைத்த மரம். கப்பல் வேலைக்குப் போனவன் பஸ்ராவிலிருந்து கன்றாகக் கொண்டுவந்து நட்டான். மறுபடி போனவன் வரவில்லை. யுத்தத்தில் அந்தக் கப்பல் மூழ்கிப்போனது.

அதனால் சிதம்பரநாதன் குரலைத் தணித்துக்கொண்டுதான் பேசினார்.

"உங்க துக்கம் புரியுது பாய். அதுக்காக இத்தனை தண்ணியை மரத்துக்கு ஊத்தணுமா?"

"பாலைவனத்து மரம்னுதான் பேரு, அண்ணாச்சி. அடியிலே ஈரம் இல்லேன்னா பட்டுப்போயிடும்னு இனாயத் சொல்லுவான்."

"பாதியையாவது ஜனங்களுக்குக் கொடுக்கலாமே?"

பாய் வாளியை அவர் முன்னால் வைத்தார். "குடிச்சுப் பாருங்க."

ஒரு கை அள்ளி வாயில் வைத்தவர் உடனே துப்பினார். ஒரே உப்பு.

"இந்த வீட்டுல இதைக் குடிக்கிறது இந்த மரம் ஒண்ணுதான்" என்றார் பாய்.

"போன வருஷம் நாங்களே இங்கேருந்துதானே எடுத்துட்டுப் போனோம்? கற்கண்டா இருந்துதே! எப்போலேருந்து இப்படி?"

பாய் கயிற்றைச் சுற்றி வைத்தார். சுவருக்கு அந்தப் பக்கம் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது.

சிதம்பரநாதன் சுவரைப் பார்த்தார். பிறகு கடல் இருக்கும் திசையைப் பார்த்தார்.

"நான் அங்கே நல்ல தண்ணியை இழுக்க இழுக்க, இங்கே கடல் ஏறி வந்திருக்கு. அப்படித்தானே பாய்?"

பாய் வாளியிலிருந்த மிச்சத்தையும் மரத்தடியில் ஊற்றினார்.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"

"சொன்னா மோட்டாரை நிறுத்திடுவீங்க, அண்ணாச்சி. அத்தனை பேரும் குடத்தைத் தூக்கிட்டு எங்கே போவாங்க?"

கதவோரம் அமீனா பீ நின்றிருந்தாள். சிதம்பரநாதனால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"குடத்தைக் கொடுங்கம்மா."

குடத்தோடு அவர் வருவதைப் பார்த்து வரிசை விலகி வழிவிட்டது. குனிந்து குழாயில் பிடித்தார். நிறைந்ததும் தோளில் தூக்கி வைத்துக்கொண்டார். சட்டையெல்லாம் நனைந்தது.

முத்தம்மா பதறிப்போனாள். "இன்னா மொதலாளி இது? அவங்களுக்குப் போய் நீங்க தண்ணி தூக்குறதா? தர்மம் பண்றதுக்கும் ஒரு அளவு வாணாவா?"

"தர்மமா?" என்றார் சிதம்பரநாதன். "இத்தனை நாளா நாம எல்லாரும் குடிச்சது அவங்க கிணத்துத் தண்ணி, முத்தம்மா."