பெரியம்மா வீட்டு விலாசம்

"அடியே லவோன், அந்தச் சாம்பல் நிறக் கார் இன்னிக்கும் வந்து நிக்குது!"

திரைச்சீலையை ஒரு விரலால் விலக்கிப் பார்த்த யோலாண்டா, கையில் போனோடு பதறினாள்.

பின்வாசல் வழியாக அப்போதுதான் மகளை இழுத்துக்கொண்டு உள்ளே நுழைந்த தங்கை லவோனுக்கு அந்தப் பனியிலும் வியர்த்துவிட்டது.

டெட்ராய்ட் நகரத்துக்குள் இருக்கும் தன் வீட்டிலிருந்து தினமும் இருட்டோடு கிளம்பி, எல்லைச் சாலையைத் தாண்டி, இந்தப் புறநகரில் இருக்கும் அக்கா வீட்டுக் கொல்லைப்புறத்தில் காரைச் சொருகிவிடுவாள் லவோன். இந்த ஊரில் குடியிருக்கும் பிள்ளைகளுக்கு மட்டும்தான் இந்த ஊர்ப் பள்ளியில் இடம். பள்ளிக்கூடத்தைப் பொறுத்தவரை அம்மாவும் மகள் ஜாய்லினும் குடியிருப்பது இங்கேதான்.

"ஒரு வாரமா பாக்குறேன். பஸ் நிக்கிற இடத்துக்கு எதிர்லயே நிறுத்திட்டு நம்ம வீட்டையே முறைக்கிறான். பஸ் வந்து போற வரைக்கும் அசையறதில்ல. பள்ளிக்கூடத்துலேருந்து விலாசத்தைச் சோதிக்க அனுப்பின ஆளேதான். சந்தேகமே இல்ல!"

"ஐயோ அக்கா, போன மாசம் ஒரு பொண்ணைப் பாதி வகுப்புல பையைத் தூக்கச் சொல்லி வெளியே அனுப்பினாங்களே..."

"வாயை மூடு. காலங்காத்தால அதை ஞாபகப்படுத்தாத!"

ஜாய்லினுக்குத்தான் அழுகை வந்தது. "அம்மா, இன்னிக்கு ஆட்டுக் கண்ணை அறுத்துப் பாக்கப்போறோம். ஆளுக்கு ஒண்ணு தர்றாங்க! பழைய பள்ளிக்கூடத்துல டீச்சர் போர்டுல கண்ணு படம் வரைவாங்க, அதைப் பாத்து நாங்க வரைவோம். அவ்வளவுதான் அறிவியல். என்னை மறுபடி அங்க அனுப்பிடாதீங்கம்மா."

"அனுப்ப மாட்டேன்டி தங்கம்." லவோனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "வீட்டு வரியை வெச்சுப் பள்ளிக்கூடம் நடத்துற ஊருல நாம என்ன பண்றது? இங்க ஒவ்வொரு வீடும் அரண்மனை. நம்ம தெருவுல பாதி வீடு ஆளில்லாம, ஜன்னலுக்குப் பலகை அடிச்சுக் கிடக்கு. அதுக்குக் குழந்தைங்க என்ன பாவம் பண்ணுச்சு?"

"பிரசங்கத்தை அப்புறம் வெச்சுக்கலாம். முதல்ல நாடகத்தை ஆரம்பிங்க!" என்றாள் யோலாண்டா.

தினமும் நடக்கும் நாடகம்தான். பள்ளிச் சட்டைக்கு மேல் பெரியம்மாவின் பூப்போட்ட நைட்டியை மாட்டிக்கொண்டு, தலையைக் கலைத்துவிட்டு, கொட்டாவியோடு வாசலுக்குப் போனாள் ஜாய்லின். குப்பைத் தொட்டியை மெதுவாக உருட்டினாள்.

கதவருகே நின்ற யோலாண்டா தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினாள். "ஏன்டி, ராத்திரி பூரா என் வீட்டுல விளக்கை எரிச்சுக்கிட்டு என்னடி பண்ணின? படுக்கையை மடிச்சியா?"

"மடிச்சுட்டேன் பெரியம்மா!"

காருக்குள் இருந்த ஆள் சட்டென்று இருக்கையில் சரிந்து தலையை மறைத்துக்கொண்டார்.

"பாத்தியா, பதுங்குறான்! திருட்டுப் பய!" என்று பல்லைக் கடித்தாள் யோலாண்டா. ஜாய்லின் உள்ளே ஓடி வந்தாள்.

அந்த நேரம் பார்த்துக் கார்க் கதவு திறந்தது. தொப்பி போட்ட உயரமான ஆள் ஒருவர் இறங்கி, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, நேராக இந்த வீட்டை நோக்கி நடந்து வந்தார்.

"வர்றான்! வர்றான்! எல்லாரும் குடியிருக்கிற மாதிரி இருங்க!"

லவோன் குளியலறைக்குப் பாய்ந்து, கையில் கிடைத்த பிரஷ்ஷை வாயில் வைத்து நுரை வரத் தேய்த்துக்கொண்டு ஓடி வந்தாள்.

"அடிப்பாவி, அது என் பிரஷ்டி!"

"இப்ப அதுவா முக்கியம்?"

கதவு தட்டும் சத்தம். யோலாண்டா முகத்தில் ஒரு சிரிப்பை ஒட்டிக்கொண்டு கதவைத் திறந்தாள்.

"வணக்கம் மேடம். நான் டெல்ராய்." அவர் மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். "நீங்க எல்லாரும் இந்த வீட்டுலயே குடியிருக்கிறவங்கதானா?"

"பின்னே? பதினஞ்சு வருஷமா இங்கதான். என் தங்கச்சியும் இங்கதான். இந்தப் பொண்ணு பொறந்ததே இங்கதான்!"

லவோன் நுரையோடு பலமாகத் தலையாட்டினாள். ஜாய்லின் நைட்டியை இழுத்து மூடிக்கொண்டாள்.

"வேற எங்கேயும் வீடு கிடையாதா?"

"எங்களுக்கா? நகரத்துப் பக்கமே நாங்க போறதில்ல சார்! நாங்க பரம்பரையா இந்த ஊர்க்காரங்க."

அவர் கேட்காததையெல்லாம் அக்கா அடுக்குகிறாளே என்று லவோன் அவள் முதுகைக் கிள்ளினாள். டெல்ராய் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவ்வளவுதான், மாட்டிக்கொண்டோம் என்று அவள் மகளின் கையை இறுகப் பிடித்தாள்.

அவர் மெல்லத் தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

"அப்போ நான் நினைச்சது சரிதான், நீங்க நிஜமாவே இந்த ஊர்க்காரங்க. நாங்க நகரத்துலேருந்து வர்றோம், பஸ் வந்து மறைக்கிறப்போதான் பிள்ளைங்களை இறக்கி ஏத்திவிடுறேன். ஒரு வாரமா போனும் கையுமா ஜன்னல்ல நின்னு எங்களையே நோட்டம் விடுறீங்களே... மேடம், உங்க கால்ல விழறேன், பள்ளிக்கூடத்துக்குப் போன் பண்ணி எங்களைக் காட்டிக் கொடுத்துடாதீங்க!"

அவர் கைகாட்டிய திசையில், சாம்பல் நிறக் காரின் பின்சீட்டில் ஒரு போர்வை விலக, புத்தகப் பையும் கலைந்த தலையுமாக இரண்டு சின்னப் பெண்கள் மெல்ல எழுந்து எட்டிப் பார்த்தார்கள்.